ஐம்பத்து நான்கு எனக்குப் பொருந்தாது

என் உயரம் நூற்று ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பழைய ரோடு பைக் தேடி அலைந்த அந்த மூன்று மாதத்தில் சந்தித்தவர்களில் பாதிப் பேர் இதை எனக்கு ஞாபகப்படுத்தாமல் விடவில்லை. எனக்கு அது மறந்துபோயிருக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ.

சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது என் முப்பத்தாறாவது வயதில். மத்தூரில் எங்கள் வீட்டில் ஒரு சைக்கிள் இருந்தது, ஆனால் அது அண்ணன்களுடையது. நான் கேட்கவும் இல்லை, யாரும் கொடுக்கவும் இல்லை. கல்யாணமாகி ஓசூருக்கு வந்து, மகள் வளர்ந்து, அவளுக்கு வாங்கிய கியர் சைக்கிள் அவளுக்கு அலுத்துப்போய் மாடிப்படிக்குக் கீழே நின்றபோதுதான் ஒரு விடுமுறைக் காலையில் அதை வெளியே இழுத்தேன். எங்கள் லேஅவுட்டில் இன்னும் வீடு எழும்பாத மனைகளுக்கு நடுவே ஒரு நேரான தார் ரோடு உண்டு. மகள் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தாள். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட வந்தவர்கள் துணியை மறந்துவிட்டு நின்றார்கள். நின்றால் நிற்கட்டும் என்று ஓட்டினேன். மூன்று முறை விழுந்தேன். நான்காம் நாள் மகள் கையை விட்டது எனக்குத் தெரியவே இல்லை.

ஒரு வருடத்தில் அந்தச் சைக்கிளிலேயே கெலமங்கலம் போய்த் திரும்புகிற அளவுக்கு வந்துவிட்டேன். சர்ச்சில் சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்கே போய்விடுவதால் ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கென்று கிடைத்தது. தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிற எட்டு ஆண்கள் ஞாயிறுதோறும் தேன்கனிக்கோட்டை ரோட்டில் ஓட்டுவார்கள். ஒன்பதாவதாக நானும் சேர்ந்துகொண்டேன். அவர்கள் எல்லோரிடமும் ரோடு பைக். மெல்லிய டயர், ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில், ஒற்றைக் கையில் தூக்கிவிடலாம் போன்ற எடை. மகளின் சைக்கிளோ இரும்புக் கட்டில். இரண்டாவது மேட்டிலேயே அவர்கள் புள்ளியாகிவிடுவார்கள்.

குழுவை நடத்தியவர் ஒரு தொழிற்சாலையில் புரொடக்‌ஷன் மேனேஜர். ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. ஒருநாள் அவரே கேட்டார்.

"மேடம், எங்கிட்ட பழைய ரோடு பைக் ஒண்ணு சும்மா நிக்குது. ஐம்பத்து நாலு சைஸு. ரெண்டு வாரம் ஓட்டிப் பாருங்க, புடிச்சா வச்சிக்கோங்க."

"ஐம்பத்து நாலுன்னா என்ன சார்?"

"பிரேம் சைஸு, சென்டிமீட்டர்ல. அதெல்லாம் பெருசா எடுத்துக்காதீங்க. சீட்டை எறக்கி உட்டா எல்லாருக்கும் சேரும்."

அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதை இப்போதும் சொல்வேன். ஆனால் கெட்ட எண்ணம் இல்லாதவர்கள் கொடுத்த வலியும் வலிதான்.

முதல் வாரத்திலேயே இரண்டு கைகளிலும் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மரத்துப்போயின. திங்கட்கிழமை வேலையில் அளவு பார்க்கிற வெர்னியர் கருவியைப் பிடித்தால் எதைப் பிடித்திருக்கிறேன் என்றே தெரியவில்லை. கழுத்தில் ஒரு கம்பி இழுத்துக் கட்டியது போல வலி. இரண்டாவது ஞாயிறு, ராயக்கோட்டை ரோடு சிக்னலில் சிவப்பு விழுந்தது. பிரேக் பிடித்துச் சீட்டிலிருந்து முன்னால் இறங்கினேன். கால் தரையைத் தேடியது. கட்டைவிரல் நுனி மட்டும் எட்டியது, மீதி எடை முழுவதும் சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே ஓடுகிற மேல்கம்பியில் இறங்கியது. அந்த வலியைப் பற்றி எழுத வேண்டியதில்லை. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தேன். பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் சட்டென்று ஒடித்து நிறுத்தியதால் தப்பித்தேன்.

டீக்கடையில் முழங்கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது குழுவில் ஒருவர் ஆறுதலாகச் சொன்னார்.

"லேடீஸுக்கு ரோடு பைக் கொஞ்சம் கஷ்டந்தான் மேடம். ஒடம்பு பழகணும்."

"எத்தன நாள்ல பழகும்?"

"அது ஒடம்பப் பொறுத்தது."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த 'ஒடம்பு' என்ற சொல் என்னோடு வந்தது. நான் வேலை பார்ப்பது வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில், தரச்சோதனைப் பிரிவில். பதினான்கு வருடமாக இரும்பை அளந்துகொண்டிருக்கிறேன். அந்தச் சாயங்காலம்தான் ஒரு விஷயம் உறைத்தது. நான் விழுந்ததற்கு எல்லோரும் காரணம் சொன்னார்கள். ஒருவர்கூட எதையும் அளக்கவில்லை. நானும் அளக்கவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு முதுகை ஒட்டி நின்றேன். மகளின் தடித்த அட்லஸ் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எப்படி அழுத்துமோ அப்படி மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மகள் புத்தகத்தின் மேல்விளிம்பில் சுவரில் பென்சில் கோடு போட்டாள். தரையிலிருந்து கோடு வரை டேப் பிடித்தோம். எழுபது சென்டிமீட்டர். அது என் காலின் உள்நீளம். பிறகு சைக்கிளை நிமிர்த்தி மேல்கம்பியின் உயரத்தை அளந்தோம். எழுபத்தெட்டு.

எட்டு சென்டிமீட்டர்! எங்கள் பிரிவில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடினாலே அந்தப் பாகம் சிவப்புத் தொட்டிக்குப் போய்விடும்.

அந்த வாரம் முழுக்கப் படித்தேன், வீடியோ பார்த்தேன், எழுதிவைத்தேன். சீட்டை இறக்கினால் கால் பெடலுக்கு எட்டும்; அது உண்மை. ஆனால் ஹேண்டில் எவ்வளவு தூரத்தில் இருந்ததோ அவ்வளவு தூரத்திலேயே இருக்கும். சீட்டை முன்னால் தள்ளினால் கை எட்டும், முழங்கால் கெடும். சீட்டிலிருந்து ஹேண்டில் வரை உள்ள அந்த எட்டும் தூரம்தான் என் கையை மரக்கவைத்தது. என் கால் நீளத்துக்கும் கை நீளத்துக்கும் நாற்பத்தாறு, மிஞ்சிப் போனால் நாற்பத்தெட்டு சைஸ் பிரேம் வேண்டும். ஐம்பத்து நான்கில் நான் எத்தனை வருடம் பழகினாலும் என் எலும்பு நீளப்போவதில்லை.

அடுத்த ஞாயிறு சைக்கிளைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.

"இன்னும் ரெண்டு வாரம் பாத்திருக்கலாம் மேடம். ஒடம்பு..."

"சார், உங்க லைன்ல ஒரு பாகம் பிக்ஸ்சர்ல உக்காரலன்னா பாகத்தைப் பாத்து பழகிக்கோன்னு சொல்லுவீங்களா?"

பிக்ஸ்சர் என்றால் பாகத்தை அசையாமல் பிடித்து வைக்கிற தாங்கி. அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எழுதிவைத்திருந்த தாளை நீட்டினேன். பார்த்துவிட்டு, "இவ்ளோ கணக்கா?" என்றார். இவ்வளவுதான் கணக்கு என்றேன்.

நாற்பத்தெட்டு சைஸ் பழைய ரோடு பைக் தேடுவது எவ்வளவு கடினம் என்று அப்போது எனக்குத் தெரியாது. விற்கிறவர்கள் எல்லாம் ஆண்கள், அவர்கள் விற்கிற பிரேம்கள் எல்லாம் ஐம்பத்து நான்கு, ஐம்பத்தாறு. எல்லையைத் தாண்டிக் கர்நாடகப் பக்கம் ஒரு கடையில் பழைய சைக்கிள்களும் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கணவரின் ஸ்கூட்டரில் போனோம். நான் சைஸைச் சொல்லி முடிப்பதற்குள் கடைக்காரர் உள்ளே போய் ரோஜா நிறத்தில், முன்னால் கூடை வைத்த ஒரு லேடீஸ் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். என் கணவரைப் பார்த்துக் கன்னடத்தில், "மேடம்கே இது சாக்கு சார்" என்றார். மேடத்துக்கு இது போதுமாம்.

எங்கள் தொழிற்சாலையில் பாதிப் பேர் பேசுவது கன்னடம்தான். "சாக்கா பேட்வா அந்த நானு ஹேள்தீனி" என்றேன். போதுமா வேண்டாமா என்பதை நான் சொல்கிறேன்.

அவர் முகம் சிறுத்துவிட்டது. கணவர் வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பும்போது, "பாவம், அந்தாளு வேவாரம் பண்றான், எதுக்கு அவ்ளோ கோவம்?" என்றார்.

"அவரு ஏன் ஒங்களப் பாத்துச் சொன்னாரு? ஓட்டப் போறது நீங்களா?"

அதற்குப் பிறகு நாங்கள் போன எல்லா இடத்திலும் அவர் இரண்டடி பின்னால் நின்றார். விற்கிறவர்கள் அவரிடம் பேச ஆரம்பித்தால் என்னைக் கை காட்டுவார்.

ஆன்லைன் விளம்பரங்களில் தேடியதில் கிருஷ்ணகிரியில் ஒன்று கிடைத்தது. நாற்பத்தெட்டு சைஸ், வெள்ளை நிற அலுமினிய பிரேம். போட்டோவிலேயே என்னை மயக்கிவிட்டது. நேரில் பார்த்தபோது இன்னும் மோசம். இருபுறமும் கால் ஊன்றி நின்று பார்த்தேன், மேல்கம்பிக்கும் எனக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. ஹேண்டிலைப் பிடித்தேன், முழங்கை இயல்பாக மடிந்தது. இரண்டு மாதத் தேடலுக்குப் பிறகு ஒரு சைக்கிள் முதல்முறையாக என்னை உள்ளே வாங்கிக்கொண்டது. கணவர் பின்னாலிருந்து, "எடுத்துக்கோ, அலைஞ்சது போதும்" என்று கிசுகிசுத்தார்.

எடுத்துக்கொள்ளத்தான் நினைத்தேன். ஆனால் கை பழக்கம் விடுமா? பையிலிருந்து சின்ன டார்ச்சையும் பூதக்கண்ணாடியையும் எடுத்தேன். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஹேண்டிலுக்கு அடியில் முன்தண்டும் கீழ்க்கம்பியும் சேரும் இடத்தில் விரல் நகத்தை ஓட்டினேன். நகம் ஒரு இடத்தில் தடுக்கியது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததும் தெரிந்தது. பெயின்ட் மெல்லிய சுருக்கமாக மடிந்திருந்தது, அந்தச் சுருக்கத்தின் குறுக்கே முடி அளவுக்கு ஒரு கோடு. முன்னால் எதிலோ பலமாக மோதியிருக்கிறது. அதன் மேல் யாரோ வெள்ளைப் பெயின்ட் பூசியிருக்கிறார்கள்.

"இது விரிசல்ங்க" என்றேன், விற்கிற இளைஞனிடம்.

"அது ஸ்க்ராட்சுதான்க்கா. ரெண்டு வருசமா அப்பிடியேதான் இருக்குது."

"ஸ்க்ராட்சுன்னா பெயின்ட் போவும். இது மடிஞ்சிருக்குது. கீழ்க்கம்பியே நசுங்கியிருக்குது பாருங்க."

"நீங்க இன்னா இஞ்சினியரா?"

"இல்ல. எறக்கத்துல இது ஒடஞ்சா மூஞ்சில விழப்போறது நானு."

வேறு நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அரை மணி நேரத்தில் போய்விடும் என்றான். அந்த நாலு பேரை நினைத்துத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த சைஸுக்கு வருகிறவர்கள் யார்? என்னைப் போல ஒரு பெண், அல்லது பத்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளை. விரிசலைப் போட்டோ எடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் அவன் விளம்பரத்துக்குக் கீழேயே அதைப் போட்டு, எந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்றும் எழுதினேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவன் போன் செய்து திட்டினான். திட்டி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "விரிசல் இல்லன்னா நீங்களும் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க" என்றேன். மறுநாள் விளம்பரமே காணோம். சைக்கிள் யாரிடம் போனதோ, எனக்குத் தெரியாது. அந்த எண்ணம் இன்றும் உறுத்தும்.

அந்த வாரம் வீட்டில் சைக்கிள் பேச்சு இல்லை. வேண்டுமென்றேதான் எல்லோரும் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். சரியான சைஸ் கிடைத்தும் விட்டுவிட்டு வந்தவள் என்று எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. ஒருநாள் மத்தியானம் கேன்டீனில் ஐம்பத்திரண்டு சைஸ் ஒன்றின் விளம்பரத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு சென்டிமீட்டர்தானே என்று ஒரு குரல். அது என் குரல்தான். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட்டேன்.

பர்கூர் விளம்பரத்தில் ஒரே ஒரு போட்டோ. பச்சை நிற சைக்கிள், மேலெல்லாம் சாம்பல் பூசியது போல இருந்தது. 'சைஸ் 47. நேரில் வந்து ஏறிப் பார்ப்பவர்களுக்கு மட்டும்' என்று போட்டிருந்தது. போன் செய்தால் ஒரு பெண் குரல்.

"ஒங்க ஒயரம் இன்னாக்கா?"

சொன்னேன். கால் உள்நீளத்தையும் சொன்னேன்.

"அளந்தே வச்சிருக்கீங்களா?" என்றாள். "அப்பன்னா வாங்க."

அவளுக்கு முப்பது வயதிருக்கும். பெங்களூரில் வேலை பார்த்தபோது வாங்கியது. கல்யாணத்துக்குப் பிறகு பர்கூரில் கணவர் குடும்பத்தின் கிரானைட் பாலிஷ் பட்டறையின் ஆபீஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சைக்கிள் மேலிருந்த சாம்பல் எல்லாம் கல்தூள். ஓட்டுவதை விட்டுவிட்டாயா என்று கேட்டேன். விட்டிருப்பாள், வீட்டில் விடச் சொல்லியிருப்பார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

"எதுக்கு விடணும்? கல்லு குவாரி ரோட்டுக்கு இந்த டயரு தாங்காதுக்கா. தடி டயரு வண்டி வாங்கிட்டேன்" என்று சுவரோரம் சாய்த்திருந்த இன்னொரு சைக்கிளைக் காட்டினாள். வெட்கமாகப் போயிற்று. என்னை வைத்து மற்றவர்கள் செய்ததை நான் அவளை வைத்துச் செய்திருந்தேன்.

அவள் இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருந்தாள். ஒருவர் பாகங்களைக் கழற்றி விற்க வந்தவர். இன்னொருவர் ஐந்தே முக்கால் அடி, சீட்டை ஏற்றிக்கொள்கிறேன் என்றாராம். "ஏத்துனாலும் ஆவாது, எறக்குனாலும் ஆவாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

பிறகு என்னை ஏறச் சொன்னாள். பட்டறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தேன். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே வரை மிதித்தால் கால் நேராக நீள வேண்டும். நீண்டது. பெடலைக் கிடைமட்டமாக முன்னால் நிறுத்தச் சொல்லிவிட்டு, பட்டறைக்குள் போய் ஒரு தூக்குக்குண்டு கொண்டுவந்தாள். கல் நேராக நிற்கிறதா என்று பார்க்கிற அதே குண்டு நூல். நூலை என் முழங்கால் மூட்டுக்கு முன்னால் பிடித்துக் குண்டைத் தொங்கவிட்டாள். அது பெடலின் நடு அச்சுக்கு ஒரு விரல் முன்னால் விழுந்தது. சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளினாள். மறுபடி குண்டு. இந்த முறை சரியாக அச்சின் மேல் நின்றது.

கல் அறுக்கும் மெஷினை நிறுத்திவிட்டு நான்கு பேர் வந்து நின்றார்கள். அவளுடைய மாமனார் வாசலில் இருந்து, "ஏம்மா, இது இன்னா தமாசு?" என்றார்.

"அளவு பாக்கறம் மாமா. நீங்க கல்லுக்குப் பாக்கறீங்க இல்ல, அதேதான்."

அவர் உள்ளே போனார். மெஷின் திரும்ப ஓட ஆரம்பித்தது.

நானும் என் வேலையைச் செய்தேன். சைக்கிளைக் கவிழ்த்து ஒவ்வொரு இணைப்பிலும் டார்ச் அடித்து நகம் ஓட்டினேன். அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஈரத்துணியால் தூளைத் துடைத்துக் கொடுத்தாள். பிரேமில் எங்கும் மடிப்பில்லை. செயின் தேய்ந்து நீண்டிருந்தது. டயர் காய்ந்து வெடிப்பு விட்டிருந்தது. ஹேண்டிலைத் திருப்பினால் உள்ளே கல்தூள் அரைபடுகிற சத்தம். இவையெல்லாம் மாற்றக்கூடியவை. ஹேண்டில் மட்டும் இன்னும் கொஞ்சம் தூரமாக இருந்தது. சொன்னதும் அவள் அலமாரியிலிருந்து ஒரு சின்ன இணைப்புக் கட்டையை எடுத்து வந்தாள். ஹேண்டிலை முன்தண்டோடு பிடித்து வைக்கிற பாகம். பழையதை விட இரண்டு சென்டிமீட்டர் குட்டை. மாட்டி ஏறி உட்கார்ந்தேன். கைகள் அவை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

அவளிடமே இருந்த புது டயர்களை அங்கேயே போட்டோம். பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை.

வண்டியை ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பலாம் என்பது கணவரின் திட்டம். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"ஓசூரு எவ்ளோ தூரம்னு தெரியுமில்ல? பூரா மேடு."

"தெரியும். முடியற வரைக்கும் போறேன்."

அவர் ஸ்கூட்டரின் பின்விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு, "நீ முன்னாடி போ. நான் பின்னாடியே வரேன்" என்றார்.

தேசிய நெடுஞ்சாலையின் ஓர வெள்ளைக் கோட்டுக்கு இடதுபுறம் நான். எனக்குப் பின்னால் இருபதடி தள்ளி, மெதுவாக உறுமிக்கொண்டு ஸ்கூட்டர். கல் ஏற்றிய லாரிகள் கடக்கும்போதெல்லாம் காற்று என்னை உள்ளே இழுத்து வெளியே தள்ளியது. ஒரு லாரியின் கிளீனர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஏதோ கத்தினான். பாராட்டா கிண்டலா தெரியவில்லை. இரண்டுமே எனக்குத் தேவைப்படவில்லை. கிருஷ்ணகிரி தாண்டியதும் கைகளைக் கவனித்தேன். பத்து விரல்களும் என்னிடமே இருந்தன. கழுத்தில் கம்பி இல்லை. முழங்கால் வலிக்கவில்லை. தொடைகள் மட்டும் எரிந்தன, மேடு ஏற ஏற இன்னும் எரிந்தன. அந்த எரிச்சல் எனக்குப் பிடித்திருந்தது. அது சைக்கிளின் குறை அல்ல. பழக்கினால் பழகக்கூடிய ஒரே இடம் அதுதான்.

சூளகிரிக்குள் நுழையும்போது வலது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. இறங்கினேன். இறங்கும்போது இரண்டு பாதமும் தட்டையாகத் தரையில் பதிந்தன. ரோட்டோரம் உட்கார்ந்து காலை நீட்டினேன். கணவர் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு, "போதுமா?" என்றார். இந்த முறை கேள்வியாகத்தான் கேட்டார்.

"இன்னிக்குப் போதும்."

தக்காளியை இறக்கிவிட்டு வெற்றுக் கூடைகளோடு ஓசூர் திரும்பிக்கொண்டிருந்த குட்டியானை மினிலாரி ஒன்றில் சைக்கிளை ஏற்றினோம். வெற்றுக் கூடைகள் மேல் அது படுத்துக்கொண்டு போனதைப் பார்த்தபடி ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தேன். தோற்றதாக எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் கேன்டீனில் யாரோ கேட்டார்கள், பாதியிலேயே நின்னுட்டீங்களாமே என்று. ஆமாம் என்றேன், சூளகிரியில். அதற்கடுத்த ஞாயிறு குழுவோடு போகவில்லை. விடிந்ததும் சைக்கிளைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு சூளகிரி போனேன். நான் உட்கார்ந்திருந்த அதே ரோட்டோரத்தில் இறக்கி, மிச்ச தூரத்தை ஓசூர் வரை ஓட்டினேன். ஒரு மணி நேரமும் நாற்பது நிமிடமும் ஆயிற்று. மெதுவாகத்தான் வந்தேன். யாரும் என்னைத் தாண்டிப் போகவில்லை என்று சொல்ல மாட்டேன், ஒரு பால்காரரின் மொபெட் இரண்டு முறை தாண்டியது.